ஆசிரியர் தாமதமாக வந்தால் யார் நிற்க வைப்பார்?

ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கிறார். பத்து வயதாகும் அவருடைய மகளின் பள்ளியில், தாமதமாக வரும் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். "டீச்சர் லேட்டா வந்தா அவங்கள யாரும்மா நிக்க வைப்பாங்க?" என்று மகள் கேட்டாள், தாயால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்குக் கண்டிப்பு தேவை என்றே அவர் இதுவரை நம்பி வந்திருக்கிறார். அதே சமயம், மகள் சொந்தமாகச் சிந்திப்பவளாக வளர வேண்டும் என்றும் விரும்புகிறார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா, தத்துவ அறிஞர்கள் இதைப் பற்றி என்ன எண்ணியிருக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி.

நான் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதை வாய்த்துடுக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கடந்த முந்நூறு ஆண்டுகளில் கல்வியைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர்கள் பலரும் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் அதுதான். கட்டுப்பாடு எவ்வளவு, சுதந்திரம் எவ்வளவு என்று தராசில் வைத்து நிறுப்பதுபோலத்தான் இந்த விவாதம் வழக்கமாக நடக்கிறது. எனக்கு அந்தத் தராசிலேயே நம்பிக்கை இல்லை. பள்ளி ஒரு குழந்தையின் முன் வைப்பது விதியா, ஆணையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். விதி, அதை அறிவிப்பவரையும் சேர்த்தே கட்டும். ஆணை, கேட்பவரை மட்டும் கட்டும். இரண்டும் ஒரே சொற்களில் ஒரே பலகையில் எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் அவை குழந்தைக்குள் வளர்ப்பவை வெவ்வேறு.

சுதந்திரம், விடுதலை என்னும் இரு சொற்களை நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பள்ளியைப் பற்றிப் பேசும்போது அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. விடுதலை என்பது விடப்படுதல், அதாவது பிடித்திருந்த கை எடுக்கப்படுதல். மாலையில் மணி அடித்ததும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அது. வடமொழியிலிருந்து வந்த சுதந்திரம் என்ற சொல்லோ 'தன்' என்பதையும் 'தந்திரம்' என்பதையும் இணைத்தது. அந்தத் தந்திரத்துக்கு இங்கே சூழ்ச்சி என்று பொருளில்லை. ஒழுங்கு, நெறி என்பதே பொருள். தன் நெறியில் தான் இயங்குவது சுதந்திரம் என்றால், நெறியே இல்லாத நிலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின் 1958ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்த இரு பொருள்களையும்தான் பிரித்துக் காட்டியது. பிறர் குறுக்கிடாமை ஒன்று. தன்னைத் தானே ஆளுதல் மற்றொன்று. இரண்டாவதைக் குறித்து அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். உனக்கு உண்மையில் எது நல்லது என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, சுதந்திரத்தின் பெயராலேயே ஒருவரை அடக்கிவிட முடியும் என்றார் அவர். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்ற சொற்களைப் பள்ளியில் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

அந்தத் தாயைக் குழப்புகிற முரணை மிகத் தெளிவாக முன்வைத்தவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட். கல்வியைப் பற்றி அவர் கோனிக்ஸ்பெர்க்கில் ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டான 1803இல் நூலாயின. சட்டபூர்வமான கட்டாயத்துக்குப் பணிவதையும் தன் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் திறனையும் எப்படி ஒன்று சேர்ப்பது என்பதே கல்வியின் மிகப்பெரிய சிக்கல்களில் ஒன்று என்று அவர் அதில் சொல்கிறார். கட்டாயம் வேண்டியிருக்கிறது, ஆனால் கட்டாயத்தின் வழியாகச் சுதந்திரத்தை எப்படி வளர்ப்பது? குழந்தைகளைத் தொடக்கத்தில் பள்ளிக்கு அனுப்புவதே, பாடம் கற்பதற்காக என்பதைவிட, அமைதியாக உட்காரவும் சொன்னதைச் சொன்னபடி செய்யவும் பழகுவதற்காகத்தான் என்று எழுதுமளவுக்குக் கண்டிப்பானவர் அவர். ஆனால் அந்தக் கண்டிப்புக்கு அவரே மூன்று எல்லைகளை வகுத்தார். பிறருடைய சுதந்திரத்தைத் தடுக்காதவரை குழந்தையைச் சுதந்திரமாக விட வேண்டும். பிறர் தங்கள் நோக்கங்களை அடைய அது வழிவிட்டால்தான் தன் நோக்கங்களை அடைய முடியும் என்று அதற்குக் காட்ட வேண்டும். பின்னாளில் தன் சுதந்திரத்தைத் தானே கையாளக் கற்பதற்காகவே இப்போது இந்தக் கட்டாயம் என்பதையும் அதற்கு நிரூபிக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். காரணத்தை நிரூபிக்க வேண்டிய கடமை பெரியவருடையது. அதைச் செய்யாத கட்டாயம், காண்ட்டின் கணக்கிலேயே, வெறும் பழக்குதலாக நின்றுவிடுகிறது.

காண்ட்டுக்கு முன்பே இருவர் இதில் இறங்கியிருந்தார்கள். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி குறித்த நூலில், பிள்ளைக்கு இடும் விதிகளை இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள், இட்டவற்றை விடாமல் நடைமுறைப்படுத்துங்கள் என்று அறிவுறுத்தினார். பிரம்படி அடிமை மனத்தை உண்டாக்கும் என்பதும் அவர் கருத்து. இன்றும் பெரும்பாலான பள்ளிகள் இந்த எளிய அறிவுரையைத் தலைகீழாகத்தான் பின்பற்றுகின்றன: விதிகள் நூறு, நடைமுறையோ அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது.

பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவ அறிஞர் ரூசோ 1762இல் வேறொரு வழியைக் காட்டினார். மனிதர்களுக்குக் கட்டுப்படுவது குழந்தையைக் கெடுக்கிறது, பொருள்களுக்குக் கட்டுப்படுவது கெடுப்பதில்லை என்பது அவருடைய அடிப்படை. ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையனைத் திட்ட வேண்டாம். இரவும் பகலும் குளிர்காற்று அவன்மேல் வீசட்டும், கண்ணாடியின் அருமை தானே புரியும் என்றார். படிக்கும்போது மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் மீண்டும் மீண்டும் உடைத்தால் அவனை ஜன்னலே இல்லாத இருட்டறையில் அடைத்துவிடுங்கள் என்று அவரே தொடர்கிறார். தானே எஜமானன் என்று மாணவன் எப்போதும் நம்பிக்கொண்டிருக்கட்டும், உண்மையில் எப்போதும் நீங்களே எஜமானராக இருங்கள் என்றும் ஆசிரியருக்குச் சொல்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிப்படையான கண்டிப்பை எதிர்த்துக் கேள்வியாவது கேட்கலாம். சுதந்திரம்போல் வேடமிட்ட கட்டுப்பாட்டைக் குழந்தையால் அடையாளம் காணக்கூட முடியாது. தேர்வு உன்னுடையது என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு விடையை மட்டும் புன்னகையோடு ஏற்கும் வகுப்பறை ரூசோவின் வழித்தோன்றல்தான்.

பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம் இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வந்தவர். 1902-03இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அறக்கல்வி பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரைகள், அவர் மறைந்த பிறகு 1925இல் நூலாக வந்தன. அவருக்குக் கட்டுப்பாடு என்பது தவிர்க்க முடியாத தீமை அன்று. அதுவே ஒரு நன்மை. எல்லையற்ற ஆசை மனிதனைச் சோர்வடையச் செய்கிறது என்றும், எதை எட்ட முடியும் என்பதைக் காட்டுவதால் எல்லை அவனுக்கு வலுவையே தருகிறது என்றும் வாதிட்டார். வீட்டின் பாசத்துக்கும் பொதுவாழ்வின் முகமறியாத சட்டத்துக்கும் இடையே நிற்கும் சிறு சமூகம் அவருக்கு வகுப்பறை. இவ்வளவு கண்டிப்பான சிந்தனையாளர், ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது சொல்வதைக் கவனிக்க வேண்டும். விதியின் அதிகாரம் ஆசிரியரின் விருப்பத்திலிருந்து பிறந்ததாகப் பிள்ளைகளுக்குத் தோன்றக் கூடாது. தம்மைவிடப் பெரிய ஒன்றை அவர் எடுத்துச் சொல்கிறார், அது தங்களைக் கட்டுவதுபோல் அவரையும் கட்டுகிறது என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்கிறார் அவர். தண்டனையின் சாரம் வலியில் இல்லை, கண்டனத்தில் இருக்கிறது என்று விளக்கி, உடல்ரீதியான தண்டனையை அவர் முற்றாக நிராகரித்தார். அந்தப் பத்து வயதுப் பெண்ணின் பக்கம் துர்க்கைமும் நிற்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

அவளுடைய வயதும் தற்செயலானதல்ல. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, சுவிட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலி விளையாடுவதை உடனிருந்து பார்த்தார். தமக்கு ஆட்டம் தெரியாததுபோல் அவர்களிடமே விதிகளைக் கேட்டார். புதிதாக ஒரு விதியைக் கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டார். மிகச் சிறியவர்கள் தயங்கினார்கள். விதிகள் எப்போதும் அப்படியேதான் இருந்தன, தந்தையோ ஊர்ப் பெரியவர்களோ கடவுளோ அவற்றைத் தந்தார்கள் என்று நம்பினார்கள். தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் சட்டத்தையும் தலையெழுத்தையும் குறிப்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அந்த வயதில் இரண்டும் ஒன்றுதான். பத்துப் பதினொரு வயதை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. விதி என்பது ஆடுகிறவர்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம், மாற்றும்வரை எல்லோரையும் கட்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். பெரியவர்களின் அதிகாரத்தைவிட, சமமானவர்களுடன் பழகுவதே இந்த மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்பது 1932இல் வெளிவந்த அவருடைய நூலின் முடிவு.

பியாஜே சிறு குழந்தைகளைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டுவிட்டார் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியலும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுபதுகளிலிருந்து குழந்தைகளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவந்தார்கள்: ஆசிரியரே அனுமதித்தால் இதைச் செய்யலாமா? ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது போன்றவற்றுக்கு, அனுமதி இருந்தால் செய்யலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இன்னொரு குழந்தையை அடிக்கலாமா என்றால், ஆசிரியர் அனுமதித்தாலும் கூடாது என்றார்கள். வழக்கத்துக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சிறிய வயதிலேயே உணரும் குழந்தைகளிடம், காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதையும் சக மாணவனை அவமானப்படுத்துவதையும் ஒரே குரலில், ஒரே தண்டனையில் கண்டிக்கும் பள்ளி, அவர்களிடம் ஏற்கெனவே இருந்த நுண்மையான அறிவை மழுங்கடிக்கிறது. விதிகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கலப்படமே பள்ளிகளில் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

விளையாட்டை முன்வைத்தே அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1938இல் இன்னொரு கருத்தைச் சொன்னார். இடைவேளையில் விளையாடும் பிள்ளைகள் விதிகளைச் சுமையாக உணர்வதில்லை. விதி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. "இது அவுட்" என்று சண்டை வரும்போதும் விதியை எதிர்த்து யாரும் சண்டையிடுவதில்லை, அது மீறப்பட்டது என்றுதான் சண்டை. செயலுக்கு வெளியிலிருந்து திணிக்கப்படும் ஒழுங்கைவிட, செயலுக்குள்ளிருந்தே எழும் ஒழுங்கு ஆழமானது என்பது இதிலிருந்து அவர் பெற்ற முடிவு. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கையாளும் விதிக்கும், இசைக் குழுவில் தாளம் தவறாத விதிக்கும் விளக்கமே தேவையில்லை, வேலையே விளக்கிவிடுகிறது. ஒரு பள்ளியில் காரணம் சொல்ல முடியாத விதிகள் பெருகியிருந்தால், அங்கே பிள்ளைகள் மனம் ஒன்றிச் செய்யத்தக்க வேலை குறைந்திருக்கிறது என்றே பொருள்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் நாற்காலிகள் இதற்குக் கண்கூடான சான்று. அக்காலத்துப் பள்ளிகளில் மேசைகளும் இருக்கைகளும் தரையோடு பொருத்தப்பட்டிருந்தன. குழந்தை அசையாதிருப்பதே ஒழுங்கு எனப்பட்டது. 1907ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரின் சான் லோரென்சோ குடியிருப்பில் அவர் திறந்த 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியில், குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான சிறு நாற்காலிகளை வைத்தார். பிள்ளைகள் அவற்றைக் கவிழ்த்து இரைச்சலிடுவார்களே என்ற ஆட்சேபத்துக்கு அவர் அளித்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தை கவனமின்றி நகர்ந்தால் நாற்காலி ஓசையோடு விழும். தன் அசைவு இன்னும் பக்குவப்படவில்லை என்று அந்த ஓசையே அதற்குச் சொல்லும். தரையில் அறைந்த இருக்கையில் அதே அசைவு யாருக்கும், குழந்தைக்குக்கூட, தெரியாமலே போய்விடும். நாற்காலிகளுக்கு இடையே ஒன்றையும் தட்டாமல் நடக்கப் பழகிய குழந்தையைக் கட்டுப்பாடு உள்ள குழந்தை என்பதைவிட ஒழுக்கம் உள்ள குழந்தை என்பதே பொருத்தம். ஒழுக்கம் என்பது ஒழுகுதல், நீர்போல இயல்பாகச் செல்லுதல். கட்டுப்பாடு என்பது கட்டுக்குள் படுதல். நம் மொழி வைத்திருக்கும் இந்த வேறுபாட்டை நம் பேச்சு பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

தண்டனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கற்பித்த ஆண்டுகளில், வீட்டுப்பாடத்தைத் தாமதமாகத் தந்தால் இரண்டு மதிப்பெண் குறைக்கப்படும் என்று அறிவித்தேன். இரண்டாவது வாரமே ஒரு மாணவன் வந்து, "ரெண்டு மார்க்கக் கொறச்சிக்கங்க சார், நாளைக்குத் தரேன்" என்றான். அவனிடம் சிறிதும் மரியாதைக் குறைவு இல்லை; கடைக்காரரிடம் விலை கொடுப்பவனின் நேர்மையோடுதான் பேசினான். தவறு என்ற சொல்லை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தியவன் நான்தான். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. அபராதம் வந்த பிறகு தாமதம் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. ஒருவரைக் காத்திருக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில் கட்டணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுபக்கத்தில், விதிகளை நீக்கிவிட்டால் சுதந்திரம் மலர்ந்துவிடும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துக் கல்வியாளர் ஏ.எஸ். நீல் 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளி அதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுகிறது. அங்கே வகுப்புக்குச் செல்வது மாணவரின் விருப்பம் என்பது உண்மை. ஆனால் அது விதிகளற்ற பள்ளி அன்று. பொதுக்கூட்டத்தில் சிறுவனுக்கும் தலைமையாசிரியருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. அங்கே இயற்றப்பட்ட விதிகள் ஏராளம். சுதந்திரம் வேறு, மனம்போனபடி நடப்பது வேறு என்று நீல் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் ஐம்பதுகளில் எழுதிய எச்சரிக்கையையும் ஒதுக்க முடியாது. பெரியவர்களின் அதிகாரத்திலிருந்து விடுவிக்கப்பட்ட குழந்தை சுதந்திரமடைவதில்லை. அதைவிடக் கொடிய ஓர் அதிகாரத்திடம், அதாவது சக குழந்தைகளின் பெரும்பான்மையிடம், ஒப்படைக்கப்படுகிறது என்றார். பெரியவரோடு தனியாக நிற்கும் குழந்தை ஒருவரை எதிர்த்தால் போதும். தன் கூட்டத்தை எதிர்க்க அதற்கு எந்த வழியும் இல்லை. வகுப்பில் ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆசிரியர் தம் அதிகாரத்தைக் கைவிடுவது அந்தப் பிள்ளையைக் கைவிடுவதாகவே முடியும். ஆகவே அதிகாரம் வேண்டும்; அந்த அதிகாரத்துக்கும் ஒரு கட்டு வேண்டும்.

அந்தக் கட்டை உண்மையிலேயே போட்டுக் காட்டியவராக யானுஷ் கோர்ச்சாக்கை நான் மதிக்கிறேன். போலந்து நாட்டுக் குழந்தை மருத்துவரான அவர், 1912இல் வார்சாவில் திறக்கப்பட்ட யூத அனாதைக் குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அதன் சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கோ வழக்கைக் கைவிடுவதற்கோ உரியவை. அதன் பின்னரே நூறு, இருநூறு என்று கண்டனம் படிப்படியாகக் கடுமையாகி, ஆயிரமாவது பிரிவில் இல்லத்திலிருந்து நீக்கம் வரை செல்லும். ஒரு குழந்தை இன்னொரு குழந்தைமீது வழக்குத் தொடுக்கலாம், ஆசிரியர்மீதும் தொடுக்கலாம். ஆறு மாதத்தில் கோர்ச்சாக் ஐந்து முறை தம்மீதே வழக்குத் தொடுத்துக்கொண்டார். ஒரு பையனின் காதோரம் அறைந்தது, ஒருவனைத் தூங்கும் அறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிற்க வைத்தது, நீதிபதியாக இருந்த குழந்தையை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்தது ஆகியவை அந்த ஐந்து. அந்த வழக்குகளே தம்மைச் செதுக்கின என்று பின்னர் எழுதினார். குழந்தைகளிடம் அன்பு இருப்பதால் மட்டும் அவர்களைத் துன்புறுத்தாமல் இருக்கும் ஆசிரியராக அல்லாமல், தம் தான்தோன்றித்தனத்திலிருந்து குழந்தைகளைக் காக்க ஓர் அமைப்பு இருக்கிறது என்பதால் அப்படி இருக்கும் ஆசிரியராக அவை தம்மை ஆக்கின என்பது அவர் சொன்னதன் சாரம். அன்பு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1942இல் நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்ளிங்கா வதைமுகாமுக்குக் கொண்டு சென்றபோது, தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து அவர்களோடு சென்று உயிர்விட்டவர் அவர். அத்தனை அன்புள்ளவரே அன்பை மட்டும் நம்பிப் பள்ளி நடத்த மறுத்தார் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

இனி மகளுக்கு என்ன சொல்வது? "பெரியவங்கள அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேரத்துக்கு வரும் விதி ஏன் இருக்கிறது என்று முதலில் அவளையே கேளுங்கள். ஒருவர் தாமதமாக வரும்போது மற்றவர்களின் கவனம் கலைகிறது, பாடம் நின்று தொடங்குகிறது என்று அவளே சொல்வாள். ஆசிரியர் தாமதமாக வந்தாலும் அதேதான் நடக்கிறது, ஆகவே அந்த விதி அவரையும் கட்டும். உன் கேள்வி சரியானதுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். வெளியே நிற்க வைப்பதால், தாமதமாக வந்தவள் இழந்த பாடத்தை இன்னும் அதிகமாக இழக்கிறாள் என்பதையும் இருவரும் சேர்ந்து கவனிக்கலாம். இதையெல்லாம் சொன்ன பிறகும், நாளைக் காலை அவள் நேரத்துக்குக் கிளம்பத்தான் வேண்டும். ஆசிரியர் விதியை மீறுவது அவளுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பள்ளியோடு நீங்கள் பேச வேண்டியது தனி. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், தாமதமாக வரும் பிள்ளையை உள்ளே உட்கார வைத்துவிட்டு இடைவேளையில் காரணம் கேட்கலாமா என்றும், ஆசிரியர் தாமதமாக வரும் நாளில் வகுப்பிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கலாமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பள்ளி என்ன பதில் சொல்கிறது என்பதை வீட்டுக்கு வந்து மகளிடம் அப்படியே சொல்லுங்கள்.